நோர்ஹாவனின் வாய்ப்பும் யதுஷனின் வழக்கும்

இந்திரகுமாருக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, ஊர்ச் சங்கத்தில் தலைவராக வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நோர்ஹாவன் என்கிற டென்மார்க் காற்பந்துக் கழகம். அவர் குடியிருந்த சிட்னியின் கிரவீன் புறநகரில் அவரைத் தெரிந்த ஒருவருக்கும் அப்படியொரு ஊர் இருப்பதே தெரியாது. இளவயதில் அகதியாகப் போய் அந்தத் துறைமுக நகரத்தில் மூன்று வருடம் இருந்தவர் அவர். மொழி தெரியாமல், வேலை செய்ய அனுமதியும் இல்லாமல் அறைக்குள் முடங்கிக் கிடந்த காலம் அது. சனிக்கிழமைகளில் மைதானத்தின் மலிவான பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தவர்கள்தான் அவரைத் தோளில் கைபோட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு மயூராவைக் கலியாணம் செய்து சிட்னிக்கு வந்தார், படித்தார், நகரசபையில் வீதிப் பொறியியலாளரானார். கழகமும் கூடவே வந்துவிட்டது.

அந்த வருடம் நோர்ஹாவன் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தின் குழுநிலைக்குத் தெரிவானது. குழுவுக்கு நான்கு கழகங்கள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடனும் இரண்டு தடவை மோத வேண்டும், முதல் இரண்டு இடங்களில் வருபவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். நோர்ஹாவனுக்கு வாய்த்தவை ஒரு ஸ்பானியக் கழகம், ஒரு இத்தாலியக் கழகம், ஒரு துருக்கியக் கழகம். உலகத்தில் எவரைக் கேட்டிருந்தாலும் நோர்ஹாவன் கடைசி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்திரகுமார் இரண்டாமிடம் என்றார். ஸ்பானியக்காரரை வெல்ல ஏலாது, அதை விட்டுவிடலாம். இத்தாலியக் கழகத்தின் பின்வரிசைக்கு வயதாகிவிட்டது, நோர்ஹாவனின் பதினெட்டு வயது இடப்பக்க வீரன் ஓடத் தொடங்கினால் அவர்களால் திரும்பக்கூட முடியாது. துருக்கியர்கள் தங்கள் மைதானத்தில் சிங்கம், வெளியில் போனால் சுருண்டுவிடுவார்கள். போதாததற்கு, நோர்ஹாவன் மைதானத்தில் கடல் பக்கமிருந்து அடிக்கிற காற்று பந்தை எங்கே கொண்டுபோகும் என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். இதையெல்லாம் மயூரா சமைக்கும்போதும் சொன்னார், அவள் வேலைக்கு வெளிக்கிடும்போதும் சொன்னார். பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் யதுஷன்.

யதுஷன் யாழ்ப்பாணத்து அரியாலையைச் சேர்ந்தவன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவன். புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அதை எதிர்த்து வழக்குப் போட்டுவிட்டு, தற்காலிக விசாவில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். மனைவி சிவசோதியும் மகள் துவாரகாவும் ஊரில். அவன் வெளிக்கிட்டபோது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். இந்திரகுமார் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க வந்தவன், கராஜில் தொங்கிய நீல வெள்ளைக் கொடியைப் பார்த்து இது எந்த நாட்டுக் கொடி என்று கேட்டான். அன்று தொடங்கிய பழக்கம். நாலு வருடமாக, போட்டி உள்ள விடியற்காலைகளில் அவனும் கராஜில் இருந்த தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்காருவான். மயூரா தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

முதல் போட்டியில் ஸ்பானியக் கழகம் மூன்று கோல் போட்டு அனுப்பியது. இது எதிர்பார்த்ததுதான் என்றார் இந்திரகுமார். இரண்டாவது போட்டி துருக்கியருடன், சொந்த மைதானத்தில் சமநிலை. வெல்ல வேண்டிய போட்டி அது. ஆனாலும் அவர் தளரவில்லை. இத்தாலியரை இரண்டு தடவையும் மடக்கினால் போதும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். யதுஷன் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பு நின்றது. நவம்பர் கடைசியில் தன் வழக்கு எடுக்கப்படுகிறது என்று சொன்னான்.

"உண்மையாச் சொல்லுங்கோ அண்ணை. எனக்கு என்ன சான்ஸ்?"

இந்திரகுமார் அந்த வகை வழக்குகளைப் பற்றி எங்கெங்கோ தேடி வாசித்து வைத்திருந்தார். நீதிமன்றம் முழுக்கதையையும் திரும்ப விசாரிக்காது, அதிகாரிகள் சட்டப்படி பிழை விட்டார்களா என்று மட்டும்தான் பார்க்கும், பெரும்பாலானவை தள்ளுபடியாகும் என்று விளக்கினார். பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"பத்துக்கு ஒண்டு எண்டு வை," என்றார். "அதுவும் கூட்டித்தான் சொல்லுறன்."

யதுஷன் கோப்பையைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவில்லை.

"உங்கட டீமுக்கு எண்டா காத்தையும் கடலையும் சேர்த்து நம்பிறியள். எனக்கு மட்டும் கணக்குப் பாக்கிறியள், என்ன?"

போட்டு வாறன் என்றும் சொல்லாமல் போய்விட்டான்.

மூன்றாவது போட்டிக்கு அவன் வரவில்லை. இந்திரகுமார் தொலைபேசியில் எடுத்துப் பார்த்தார், பதில் இல்லை. அன்றைக்கென்று நோர்ஹாவன் ஆடியது ஆட்டம். இரண்டாம் பாதியில் அந்த இடப்பக்கப் பொடியன் மூன்று இத்தாலியரைத் தாண்டிப் போய்ப் பந்தை வலைக்குள் போட்டான். இந்திரகுமார் கத்திக்கொண்டு எழும்பிப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். அதில் மயூராவின் துவைத்த சேலைகள் கிடந்தன. ஒன்றுக்குப் பூச்சியம், வரலாற்று வெற்றி. அவருக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

என்ன நடந்தது என்று அன்றுதான் மயூராவிடம் சொன்னார். உண்மையைத்தானே சொன்னனான் என்றார். மயூரா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள். அவன் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் ஏன் கேட்டான் என்று யோசித்தீர்களா என்றாள்.

நாலாவது போட்டி இத்தாலியில். நோர்ஹாவன் இரண்டு கோலால் தோற்றது. அவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். அந்தச் சனிக்கிழமை, யதுஷன் எங்கே வேலை செய்கிறான் என்று அவனுடைய அறைத்தோழன் கஜீவனிடம் விசாரித்துக்கொண்டு கெல்லிவில்லுக்குக் காரோட்டினார்.

கட்டி முடியாத பெரிய இரண்டு மாடி வீடு. யதுஷன் குசினித் தரையில் முழங்காலில் இருந்து டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழும்பவில்லை, போகச் சொல்லவும் இல்லை. சீமெந்து ஈரம் காயாததால் இந்திரகுமார் வாசற்படியிலேயே நின்று பேச வேண்டியிருந்தது.

"யது, டீம் தோத்தா எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. அவ்வளவுதான், மூண்டாம் நாள் சரியாப் போயிடும்," என்றார். "உன்ர விசயத்தில நம்பிக்கை வைச்சுட்டு அது பிழைச்சா நான் என்ன செய்யிறது எண்டு பயந்துபோனன். அதுதான் கணக்குச் சொன்னனான்."

யதுஷன் கையிலிருந்த டைல்ஸை வைத்து, ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டி, மட்டம் பார்த்தான். பிறகு, வழக்கன்று தனியாகப் போக வேண்டுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"நான் வாறன்."

"அண்டைக்குக் காலமைதான் துருக்கி மேட்ச்."

"ஓம், தெரியும்."

வழக்கு நாளன்று இருவரும் ரயிலில் நகரத்துக்குப் போனார்கள். யதுஷன் கடன் வாங்கிய கோட் போட்டிருந்தான், கை சற்று நீளம். பெட்டியில் எல்லோரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, துருக்கியில் ஆட்டம் தொடங்கியிருக்கும் நேரத்தில் இந்திரகுமார் தன்னுடையதை அணைத்துப் பைக்குள் போட்டார்.

நீதிமன்ற அறை அவர் நினைத்ததைவிடச் சிறியது. யதுஷனுக்காகப் பணம் வாங்காமல் வாதாடிய இளம் பெண் வழக்கறிஞர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஊரில் இராணுவம் தன் தம்பியைப் பிடித்துக்கொண்டுபோன சம்பவத்தை அவன் விசாரணையில் விவரமாகச் சொல்லியிருக்கிறான், முடிவெடுத்த அதிகாரி அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் மறுத்தார். நீதிபதி அவரை இடைமறித்து இரண்டு மூன்று கேள்வி கேட்டார். அது நல்ல அறிகுறியா என்று எடைபோடத் தொடங்கிய மனதை இந்திரகுமார் நிறுத்திக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் தணிந்த குரலில் சொல்லச் சொல்ல, தம்பியின் பெயர் வந்த இடத்தில் யதுஷனின் கை கோட்டின் நீளமான நுனியைப் பிடித்து முறுக்கத் தொடங்கியது. இந்திரகுமார் அதன்மேல் கை வைத்தார். விசாரணை முடியும்வரை எடுக்கவில்லை.

தீர்ப்பைப் பிறகு அறிவிப்பதாகச் சொல்லி நீதிபதி எழுந்து போனார். வெளியே வெயில் சுட்டது. வழக்கறிஞர் அவசரமாக அடுத்த வழக்குக்கு ஓடிவிட, இருவரும் சாப்பிட இடம் தேடி நடந்தார்கள். யதுஷன்தான் தன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தான்.

"ரெண்டுக்கு ஒண்டு. தோத்திட்டம் அண்ணை."

'தோத்திட்டம்' என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னான். இந்திரகுமாருக்கு அந்தத் தோல்வி அவ்வளவாக வலிக்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு கெபாப் வாங்கிப் பூங்காவில் ஒரு வாங்குப்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கடைசிப் போட்டியைக் கராஜில் சேர்ந்து பார்த்தார்கள். ஸ்பானியக்காரர் நோர்ஹாவன் காற்றைப் பொருட்படுத்தவே இல்லை. குழுவில் கழகம் கடைசியாக வந்தது, உலகம் சொன்னபடியே. ஆட்டம் முடிந்தபின்னும் மலிவான பக்கத்தில் நின்றவர்கள் போகாமல் பாடினார்கள். இந்திரகுமாருக்கு வரிகள் இன்னும் மறக்கவில்லை. சத்தமில்லாமல் வாயசைத்தார். என்ன பாட்டு என்று யதுஷன் கேட்க, அர்த்தம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, அடுத்த வரியைச் சத்தமாகவே பாடினார்.

தீர்ப்பு பெப்ரவரியில் வந்தது. இந்திரகுமார் ஒரு வீதித் திருத்த வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தபோது யதுஷன் அழைத்தான். தார் ஊற்றும் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஓரமாக நடந்துபோய் ஒரு வீட்டு மதிலடியில் நின்று திரும்பச் சொல்லச் சொன்னார். அதிகாரியின் முடிவை நீதிமன்றம் ரத்துச் செய்துவிட்டது, திரும்ப முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு. விசா கிடைத்துவிடவில்லை. அதற்கு இன்னும் எவ்வளவு காலமோ தெரியாது. ஆனால் திருப்பி அனுப்ப முடியாது, இப்போதைக்கு.

அன்று பின்னேரம் யதுஷன் கிரவீனுக்கு வந்தான். குசினியில் நின்றபடியே சிவசோதியை அழைத்தான்.

"இன்னும் ஒண்டும் முடியேல்லையப்பா. ஆனா கதவை மூடேல்லை," என்றான்.

மறுமுனையில் சிவசோதி அழுவது எல்லோருக்கும் கேட்டது. மயூரா அவன் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, தான் யாரென்று சொல்லி, துவாரகாவை விசாரித்து, அன்று ஊரில் என்ன சமையல் என்றும் கேட்டுக்கொண்டே பின்வாசல் பக்கம் நடந்தாள். யதுஷன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். இந்திரகுமார் துவாயை எடுத்து நீட்டிவிட்டு, மூன்று பேருக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை மேசையில் வைக்கத் தொடங்கினார்.