மாவில் சுற்றிய எழுத்து

மைன் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினார். என் மனைவி மரியகுழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தூரத்தில் சுரங்க ஷாஃப்டுக்கு மேலிருந்த சக்கரத்தின் கம்பிகளை எண்ணச் சொன்னார். என்னைவிட வேகமாக எண்ணினாள். கண் நன்றாக இருந்தும் புத்தகத்தில் மட்டும் எழுத்து இடம் மாறுகிறதென்றால் அது வயிற்றுச் சூடுதான் என்றார். வயிறு சுத்தமானது. எழுத்து அப்படியேதான் குதித்தது.

எங்கள் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்புச் சபையில் முதன்முறை திருவிருந்தில் சேருகிறவர்கள் எல்லோர் முன்னும் வேதம் வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கலாம். நானே அப்படிச் சேர்ந்தவன்தான். ஒருமுறை கேட்டாலே முழுச் சங்கீதமும் சொல்லிவிடுகிற இவளுக்கு மட்டும் அது ஆகாது. வாசித்துவிட்டுத்தான் வருவேன் என்று, மற்றவர்கள் விருந்துக்குப் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். மண்டு என்றார்கள். சொன்னவர்கள் வாயில் மண்.

வழி கண்டவள் என் தங்கை ஐடா, மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு எடுப்பவள். கிறிஸ்மசுக்குக் கைமுறுக்குச் சுற்றும்போது மரியகுழந்தையின் விரல்கள் மாவைப் பாராமலே வேலை செய்வதைக் கவனித்தாள்.

"அண்ணி, அதே கையால ஒரு 'அ' சுத்துங்க."

சுற்றிய எழுத்து இடம் மாறவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எழுத்தைச் சுற்றுவது, கண்ணை மூடித் தடவுவது, பெயர் சொல்வது. சரியாகச் சொன்னால் பொரித்துத் தின்பது. 'ஞ' என் வாய்க்கு வர ஒரு மாதம் ஆனது. அவள் படித்தாள், நான் பெருத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு அவள் எழுந்து முன்னே போனாள். உபதேசியார் சந்தேகப் பேர்வழி. மனப்பாடமோ என்று, வேதத்தில் யாரும் திறக்காத நெகேமியாவை விரித்துக் கொடுத்தார். விரலை வரியில் வைத்து மெல்ல மெல்ல வாசித்தாள். பாதியில் ஒரு பெயரில் நின்றுவிட்டாள். பக்கத்தில் நின்ற ஐடா பொறுக்காமல் முதலெழுத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"சொல்லாத ஐடா. இரு, நானே வரேன்."

அந்நேரம் பார்த்து மைன் சங்கு ஊதியது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுந்தார்கள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் போய்விட்டால் அன்றைய கூலி போயிற்று. முதலில் வாசலுக்குப் போன எதிர்வீட்டு டேவிட், நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். சங்கு ஓய்ந்தது.

"சன்பல்லாத்து" என்றாள் மரியகுழந்தை.

அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. வாசலில் ஒருவரும் அசையவில்லை.