கமாவின் கண்ணில் பட்ட நான்கு எழுத்து

1.

ஒரு பொத்தானை அமுக்கப் பயந்துகொண்டு இந்தக் கதையை எழுதுகிறேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பொத்தான் இதே கணினித் திரையில், பக்கத்து ஜன்னலில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குள் அமுக்கியாக வேண்டும். இப்போது மணி நாலே கால். வேலையைத் தள்ளிப்போட நினைக்கிறவர்கள் மேஜையைத் துடைப்பார்கள், நகம் வெட்டுவார்கள். நான் இரண்டையும் முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது இலக்கியம்தான்.

கதாநாயகனை ‘அவர்’ என்றே எழுதப் போகிறேன். அது நான்தான். ஆனால் ‘நான்’ என்று ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே என் பக்கத்து நியாயத்தைப் பேசத் தொடங்கிவிடுவேன். ஆகவே இனி அவர் பெயர் செக்கர்.

2.

முதல் தொடக்கம்: “மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை வேளையில், செக்கர் தன் கண்ணாடியைக் கழற்றி” — வேண்டாம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: “மருத்துவ உலகில் சுருக்கங்களின் பங்கு அளப்பரியது.” இது பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.

மூன்றாவது தொடக்கம்: செக்கருக்கு ஒரு மனைவி உண்டு. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒரு கருவியில் பேசிவைப்பார்கள். அதை ஹெட்போனில் கேட்டு அவள் டைப் அடிக்கிறாள். டைப் அடித்ததை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவது செக்கரின் வேலை. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வீடு. அவள் முன்னறையில், இவர் படுக்கையறை மூலையில், நடுவே ஒரு கதவு.

ஃபைல்களில் எண் மட்டும்தான் இருக்கும். யார் அடித்தது என்று செக்கருக்குத் தெரியாது, யார் திருத்தினார் என்று டைப் அடித்தவருக்கும் தெரியாது. இது கம்பெனி சட்டம். ஆனால் சொல் கேட்காத இடத்தில் மற்றவர்கள் ‘கேட்கவில்லை’ என்று குறிப்பு எழுதுவார்கள். ஒரே ஒருத்தி மட்டும் ‘பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் டாக்டர், சொல் கேட்கவில்லை, மன்னிக்கவும்’ என்று எழுதுவாள். நாற்காலிக்காக டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கிறவள் உலகத்தில் ஒருத்திதான். அவளோடு இவருக்குக் கல்யாணம் ஆகிப் பதினொரு வருஷம் ஆகிறது.

தன்னைத் திருத்துகிற ஆளுக்கு அவள் ‘கமா’ என்று பெயர் வைத்திருக்கிறாள். “இன்னிக்கும் கமா எனக்கு நாலு கமா போட்டுட்டான்” என்று சாப்பிடும்போது புலம்புவாள். செக்கர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். வீட்டில் ‘நீங்க, வாங்க’ என்று மரியாதை வாங்குகிற மனிதர், கமாவாக ஆறு வருஷமாக ‘அவன், இவன்’ என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அவள் திட்டும் தினுசு அவருக்குப் பிடித்துப் போய்விட்டதால் உண்மையைச் சொல்லவில்லை.

3.

[இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சி. தாண்டிப் போனால் கதை புரியாது, ஆகவே பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.]

டாக்டர்களுக்கு எதையும் முழுசாகச் சொல்ல நேரம் கிடையாது. நோயின் பெயரை மூன்று எழுத்து, நான்கு எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். விதி இதுதான்: நோய் என்னவென்று முடிவு சொல்லும் பகுதியில் சுருக்கத்தை விரித்து எழுத வேண்டும். ஒரே சுருக்கம் இரண்டு நோய்களைக் குறிக்குமானால், பேச்சிலிருந்தே எது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டாக்டர் சொன்ன எழுத்துகளை அப்படியே விட்டு, கேட்டு ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஊகிக்கக் கூடாது. ஊகம் சரியாக இருந்தாலும் அது பெரும் பிழைதான்.*

* எந்த நான்கு எழுத்து என்று இந்தக் கதையில் வராது. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இலக்கியத்துக்கு விதிவிலக்கு உண்டா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

4.

மூன்று மாதம் ஒரு பெரும் பிழையும் இல்லாமல், இருபது குறிப்புக்கு மேல் எழுதாமல் வேலை செய்தால் டைப் அடிப்பவர்கள் ‘நேரடி’ ஆகலாம். பிறகு அவர்கள் அடிப்பது செக்கரிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகும். செக்கரின் மனைவிக்கு இன்றுதான் கடைசி நாள். பிழை ஏதும் இல்லை. இருபது குறிப்பும் நேற்றே தீர்ந்துவிட்டன.

இன்று மத்தியானம் அவளுடைய ஃபைல் ஒன்று வந்தது. டாக்டர் நான்கு எழுத்தைச் சொல்கிறார். அது இதயத்திலும் ஒரு நோய், வயிற்றிலும் ஒரு நோய். பேச்சில் வேறு தடயமே இல்லை. சொன்ன மாத்திரையும் இரண்டுக்கும் பொது. அவள் வயிறு என்று விரித்திருந்தாள். குறிப்பு இல்லை, மன்னிப்பும் இல்லை.

செக்கர் நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைத் திறந்தார். டைப் அடிப்பவர்களுக்கு அது திறக்காது. வயிறுதான்.

சரியாக இருந்ததுதான் எனக்கு — செக்கருக்கு — சிக்கல். தப்பாக இருந்திருந்தால் யோசிக்க ஒன்றுமே இல்லையே.

5.

(இங்கே எழுத்து நிற்கிறது. டீ வருகிறது. இரண்டு ஜன்னலையும் மறைத்துவிட்டேன்.)

(டீ முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.)

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். ஆறு மணிக்கு மேல் ராணி மாதிரி இருக்கப் போகிறவள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று செக்கர் கேட்டார்.

“ஒண்ணு ஊகிச்சுப் போட்டுட்டேங்க.”

செக்கர் டீயைப் பார்த்துக்கொண்டு, கமா கண்ணில் படாமலே போகலாமே என்றார்.

“படாம இருக்காது. அவன் ஒரு அரைப்புள்ளியக்கூட விட மாட்டான். அவன் பாத்துப்பான்னுதான் போட்டேன். கமா இல்லேன்னா அப்படிப் போட்டிருக்கவே மாட்டேன். அனுப்பினதுல இருந்து அந்த நோயாளி நெனப்பாவே இருக்கு. அவன் இன்னும் பாக்கலேன்னா என்னங்க பண்றது?”

ஆறு வருஷத்தில் கமாவைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைக் கொண்டாடக்கூட முடியாமல் செக்கர் காலித் தம்ளரை வாயில் வைத்து உறிஞ்சினார்.

6.

முடிவு அ: செக்கர் ‘பிழை இல்லை’ என்று பதிகிறார். மனைவி நேரடி ஆகிறாள். அவள் நம்பிய கமா, நம்பிய அன்றைக்கே காணாமல் போகிறான்.

முடிவு ஆ: ‘பெரும் பிழை’. மூன்று மாதம் மறுபடி முதலிலிருந்து. செக்கர் கடமை வீரர். எனக்கு இந்த முடிவின் மீதுதான் சந்தேகம், ஏனென்றால் அது செக்கருக்கு மிகவும் வசதியானது. அவள் நேரடி ஆகிவிட்டால் அந்த மன்னிப்புகளை யார் படிப்பது? போன மாதம் ஒரு குறிப்பில் ‘டாக்டர், உங்களுக்கே இருமல், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தாள். விதிப்படி அதை அழித்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இன்று மத்தியானம் அந்த ஊகம் கண்ணில் பட்டபோது செக்கருக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. ‘அப்பாடா, இன்னும் மூன்று மாதம்’ என்பதுதான். மனைவி வழுக்கியதைப் பார்த்து சந்தோஷப்பட்ட புருஷனைக் கதாநாயகனாக வைத்து யார் கதை எழுதுவார்கள்?

முடிவு இ: இந்த ஃபைல் என் மனைவியுடையது என்று மேலதிகாரியிடம் சொல்லி, வேறு செக்கரிடம் கொடுத்துவிட — ஆறு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்பார். அவள் திட்டுவது பிடித்திருந்தது என்றா சொல்வது?

7.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. செக்கர் இனி வேண்டாம். நானே எழுதுகிறேன்.

சந்தோஷப்பட்டது என் குற்றம். ஊகித்தது ஊகித்ததுதான். முன்னது இருக்கிறது என்பதற்காகப் பின்னதை மறைக்க முடியாது. பிழைப் படிவத்தில் ‘பெரும் பிழை: ஊகம்’ என்று தேர்ந்தெடுத்தேன். கீழே, ‘விரித்தது சரி, பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டாயிற்று, நோயாளிக்கு ஆபத்தில்லை’ என்று சேர்த்தேன். அதற்கும் கீழே, வழக்கமில்லாத வழக்கமாக, ‘மன்னிக்கவும்’. அமுக்கிவிட்டேன்.

பதிவானதும் அவள் திரைக்குத் தகவல் போய்விடும். போய்விட்டது. முன்னறையில் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிறது.

“என்னங்க, கமா கண்டுபிடிச்சிட்டான்!”

குரலில் இருப்பது அழுகையா, நிம்மதியா என்று கதவு மூடியிருப்பதால் தெரியவில்லை. வருகிறாள். திரையில் படிவமும் இருக்கிறது, இந்தக் கதையும் இருக்கிறது; ஒன்றை மூடத்தான் நேரம். எதைப் பார்த்தாலும் கமா யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். படிவத்தைப் பார்த்தால், நம்பினபடியே அவன் வேலையைச் செய்தான் என்பதோடு போகும். கதையைப் பார்த்தால், அதைச் செய்தபோது அவன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும், ஏன் சந்தோஷப்பட்டான் என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? ஏதாவது ஒன்றை நீங்களே மூடிவிடுங்கள். சீக்கிரம், கதவைத்