கோட்டோரம் விழுந்த பள்ளம்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். யார் தலை என்பதை மட்டும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

கால்பந்து உலகில் என் மாப்பிள்ளையைப் பீரங்கி என்பார்கள். அவர் உதைத்த பந்து வலையைப் பொத்துக்கொண்டு போய், பக்கத்து மைதானத்தில் நடந்த வேறொரு ஆட்டத்தில் கோலாக விழுந்ததுண்டு. அந்த நடுவரும் மறுபேச்சில்லாமல் விசில் ஊதினார். அப்பேர்ப்பட்ட மனிதரை இந்த சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார் புதுக் கோச். யார் இந்தக் கோச்? மாப்பிள்ளை கேப்டனாக இருந்த காலத்தில் அதே பெஞ்சைத் தேய்த்தவர். வயிறு எரியுமா, எரியாதா?

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் கிடையாது என்று கிளப்பில் கையை விரித்துவிட்டார்கள். சொந்த ஜனங்கள் முன்னால் ஒரே ஒருமுறை பந்தைத் தொட்டுவிட்டு விடைபெற வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதைப் பார்க்க நானும் என் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

ஆட்டம் தொடங்கியதுமே மாப்பிள்ளை கோச்சிடம் போனார்.

"இன்னிக்காவது எறக்குவியா, மாட்டியா?"

"அண்ணே, நீங்க போய் வார்ம்-அப் பண்ணுங்க. கூப்பிடுறேன்."

கோச் தொழிலில் இது ஊரறிந்த தந்திரம். காதருகே முணுமுணுக்கும் பெரிய ஆட்டக்காரரை அங்கிருந்து கிளப்ப வேண்டுமென்றால், கோட்டோரமாக ஓடச் சொல்லிவிடுவார்கள். கூப்பிடத்தான் மாட்டார்கள். என்ன அக்கிரமம்! மாப்பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் ரோஷக்காரர். ஓடினார்.

கோபத்தோடு ஓடினார். கொடியோடு ஓடிய துணை நடுவரைத் தாண்டித் தாண்டி ஓடினார்.

"சார், கொஞ்சம் மெதுவா ஓடுங்க. ஜனங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்று அந்த மனிதர் கெஞ்சினார்.

மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை. முதலில் புல் போயிற்று. அப்புறம் மண் போயிற்று. இடைவேளைக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டார். இரண்டாம் பாதியில் அவருடைய வழுக்கை மட்டும் தரைமட்டத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. பிறகு அதையும் காணோம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் முன்கள வீரன் ஒருவன் தசைப்பிடிப்பு வந்து சுருண்டு விழுந்தான். கோச் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, வாங்க! இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு!"

"அஞ்சு நிமிஷமா?" பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு ஷூ கயிறு கட்டவே அஞ்சு நிமிஷம் ஆகும்டா. வேற ஆளைப் பாரு!"

என் மகள் எழுந்து நின்றாள். "ஏங்க! வீறாப்பையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு மேல வாங்க! இல்லேன்னா வீட்டுலயும் பெஞ்சுதான், சொல்லிட்டேன்!"



"வரேன்மா" என்றது குரல். "ஆனா ஏற முடியல."

பெஞ்சிலிருந்தவர்கள் தங்கள் டிராக் பேண்ட்களைக் கழற்றி முடிச்சுப் போட்டு அவரை மேலே இழுத்தார்கள். தலையிலிருந்து கால்வரை சேறு. மாற்று ஆட்டக்காரரைச் சரிபார்த்து அனுப்பும் நான்காவது நடுவர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"முதுகுல நம்பர் தெரியலையே. சட்டையை மாத்திட்டு வாங்க."

ஊரே பீரங்கி பீரங்கி என்று கத்துகிறது, அந்த ஆளுக்கு நம்பர் வேண்டுமாம்! சட்டை வந்து சேர்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் எல்லோரும் வெளியேறிய பிறகு மாப்பிள்ளை தனியாக மைதானத்துக்குள் போனார். பந்தை வைத்தார். ஆளில்லாத கோலைப் பார்த்து உதைத்தார். கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று.

அந்தக் கோச் அங்கேயே மைக்கைப் பிடித்து, "அனுபவத்துக்கு என்னிக்கும் மரியாதை கொடுப்போம்" என்றார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் என் தொண்டை இன்னும் சரியாகவில்லை. என் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

சத்தியத்துக்குத் தலை தேடுகிறீர்களா? எனக்கு இரண்டே பிள்ளைகள். இரண்டும் பையன்கள்.