மிதி இல்லாத வண்டி

“ஏனுங்க, பெடல் வெக்க மறந்துபோட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே சண்முகப்ரியா டிபன் கேரியரை மர பெஞ்சின் மேல் வைத்தாள்.

தமிழ்ச்செல்வன் நிமிரவில்லை. உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கையும் நிற்கவில்லை. மறக்கவில்லை, அந்தக் காலத்து வண்டிக்குப் பெடலே கிடையாது என்று மரத்தைப் பார்த்தே பதில் சொன்னான். அவள் நம்பாமல் வண்டியைச் சுற்றி வந்தாள். சின்ன மாட்டுவண்டிச் சக்கரம் போல இரண்டு மரச் சக்கரங்கள், விளிம்பில் மெல்லிய இரும்புப் பட்டை. இரண்டையும் சேர்த்து ஒரு நீளமான கட்டை. நடுவில் தோல் தைத்த சீட்டு, முன்னால் திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. சீட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பலகை. செயின் இல்லை, பல்சக்கரம் இல்லை. பெயரே மிதிவண்டி. மிதிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அதற்கு என்ன பெயர்?

சூலூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அவனுடைய பட்டறை. மோட்டார் பம்பின் உடம்பை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால், அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் பதித்து அச்சு எடுப்பார்கள். அந்த மர வடிவத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். அதுதான் அவனுக்குத் தொழில். பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் வண்டிகளின் வரலாற்றுக்கென்று ஒரு கூடம் கட்டி, உலகத்தின் முதல் இரண்டு சக்கர வண்டியை அச்சு அசலாகச் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். நாளைக் காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு அது கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும்.

சண்முகப்ரியாவுக்கு வண்டியை விட்டு நகர மனம் வரவில்லை. நூல் குடோனில் கணக்குப் பார்த்த காலத்தில் தினமும் சைக்கிளில்தான் போனாள், வந்தாள். எல்லோரும் ஸ்கூட்டிக்கு மாறிய பிறகும் அவள் மாறவில்லை. விமானப்படைத் தளத்தின் ஏரோப்ளேன் காம்பவுண்டு தாண்டி ஒரு இறக்கம் வரும். அங்கே மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். காற்று வந்து துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் அந்த இறக்கத்திலேயே நாய் குறுக்கே பாய்ந்தது. இடது முழங்காலில் பிளேட் வைத்தார்கள். அதன் பிறகு அந்தக் கால் கொஞ்சம்தான் மடங்குகிறது, பெடல் சுற்ற அது போதாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குப் போர்டிகோவில் சைக்கிள் இல்லை. எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஸ்கூட்டர் ஒன்று வாங்கினான், அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போக.

நான்கு மணி வாக்கில் காலேஜிலிருந்து மேக்னா வந்தாள். கூடத்துக்குப் பொறுப்பான உதவிப் பேராசிரியை, சின்ன வயது. வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். கோயிலுங்களா என்று தமிழ்ச்செல்வன் கிண்டல் பண்ணினான். கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணா என்றாள் அவள். அந்தப் பலகை எதற்கென்று தெரியாமல் டிபன் பாக்ஸ் வைக்கத்தான் என்று நினைத்தே செய்ததாக அவன் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முழங்கை இரண்டையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டால், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கைக்கு முதலில் தெரிந்துவிடுமாம்.

பிறகு அவள் சொன்ன கதையைச் சண்முகப்ரியா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் காட்டு இலாகா அதிகாரி ஒருத்தர் செய்த வண்டி இது. இதன் மேல் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தி ஓடுவார்கள். பாரிஸில் முன் சக்கரத்தில் பெடலை மாட்டியது ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து. அதன் பிறகுதான் ஆள் உயரச் சக்கரம், செயின், காற்றடித்த டயர் எல்லாம்.

“ரெண்டு கட்டையை மாட்டறதுக்கா அம்பது வருசம்?” என்றாள் சண்முகப்ரியா.

“கட்டையில்லீங்கக்கா, பயம். இறக்கத்துல கொஞ்ச நேரம் காலைத் தூக்குவாங்களாம். தூக்குன காலைத் தூக்குனபடியே வெச்சுக்கலாம், உழுக மாட்டோம்னு நம்பறதுக்குத்தான் அத்தனை வருஷம்.”

சண்முகப்ரியா சக்கரங்களைப் பார்த்தாள். மாட்டுவண்டிக்குச் சக்கரம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், எத்தனையோ ஆயிரம் வருஷமாக. அது நிறுத்தினாலும் நிற்கும். ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்தால் நிறுத்திய கணமே விழும், ஓடினால் மட்டும்தான் நிற்கும். விழுகிற ஒன்றின் மேல் ஏறி உட்காரலாம் என்று ஒரு மனுஷனுக்கு எப்படித் தோன்றியது? இத்தனை காலம் சைக்கிள் ஓட்டியிருக்கிறாள், ஒருநாள்கூட இதை யோசித்ததில்லை. கை முடி சிலிர்த்திருப்பதைத் தடவி விட்டுக்கொண்டாள்.

மேக்னா போட்டோ எடுக்க வேண்டும், யாராவது ஏறி உட்காருங்கள் என்றாள். தமிழ்ச்செல்வன் உட்கார்ந்தான். நெட்டை ஆள். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்குக் கிட்டே வந்துவிட்டன. பிள்ளைகள் நாற்காலியில் மாட்டிக்கொண்ட வாத்தியார் மாதிரி இருந்தது. மேக்னா வரைபடத்தைப் புரட்டினாள்.

“சீட்டு உசரத்துக்கு நாங்க அளவே குடுக்கலை இல்லீங்களா? அந்தக் காலத்துல ஓட்டறவரோட கால் அளவை எடுத்துத்தான் வெப்பாங்களாம். நீங்க யாரு அளவுக்கு வெச்சீங்க?”

குத்துமதிப்பாக வைத்ததாகச் சொல்லி இறங்கிவிட்டான். சண்முகப்ரியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இட்லித் தட்டுக்குக் கைப்பிடி போடுவதென்றாலும் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வருகிற ஆள். குத்துமதிப்பு என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

எழுந்து போனாள். வண்டியைச் சாய்த்துப் பிடித்து, மடங்காத காலை முதலில் அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். சுடிதார் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு பாதமும் தரையில் படிந்தன. எக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்தபோது இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் அவன் டேப் வைத்து அளந்தது ஞாபகம் வந்தது. காலை நீட்டி உட்காருகிற மாதிரி நாற்காலி செய்யப் போவதாக அப்போது சொன்னான். செய்தும் கொடுத்தான்.

“யாரு அளவுங்க இது?”

அவன் சீட்டின் ஓரத்தில் இல்லாத பிசிறை விரலால் தேய்த்தான். “எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச கால் அளவு அது ஒண்ணுதான்.”

மேக்னா கேமராவைத் தாழ்த்திக்கொண்டு, அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்று வெளியே போய்விட்டாள்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள் சண்முகப்ரியா. வேண்டாம் என்றான். நாளைக்குக் காலேஜுக்குப் போகிற சாமான், மரத்தில் கீறல் விழுந்தால் பேச்சு வாங்க வேண்டும், உட்கார்ந்து பார்த்தாயிற்று, போதும் என்றான். சொல்லும்போது அவன் பார்வை மரத்தில் இல்லை, அவள் முழங்காலில் இருந்தது.

“என்ர சைக்கிளைக் கேக்காம வித்துப்போட்டீங்க.”

இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்தது, கோபமில்லாமல், மழை வருது என்று சொல்வதுபோல வெளியே வந்துவிட்டது. தமிழ்ச்செல்வன் உப்புத்தாளைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

“வித்தேன். அதைப் பாக்கறப்பெல்லாம் நீ உழுகறதே தெரிஞ்சுது, அம்மணி.”

“உழுந்தது நானுங்க.”

அவன் திரும்பினான். போய்ப் பட்டறைக் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டான். வெளியே குளக்கரைக்கு இறங்குகிற தெரு, வெயிலில் மஞ்சளாகக் கிடந்தது.

வலது காலால் உந்தினாள். வண்டி கடகடவென்று தெருவையே எழுப்பியது. இடது கால் மடங்க வேண்டியதே இல்லை, நீட்டின வாக்கில் இடுப்பிலிருந்து வீசினால் போதும், அதுவும் தரையைத் தள்ளியது. தள்ளிவிட்டு அடுத்த முறைக்குத் தயாராக முன்னால் வந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, திரும்பவும் தள்ளிப் பார்த்தாள். பக்கத்தில் தமிழ்ச்செல்வன் ஓடி வந்தான், சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. முழங்கையைப் பலகையில் வை என்று மூச்சு வாங்கச் சொன்னான். வைத்தாள். வண்டியின் நடுக்கம் முழுக்கக் கைக்கு ஏறியது. சாய நினைக்கிறது, இவள் முழங்கை அசைந்தால் நிமிர்கிறது. யாரோ ஒருத்தர், அவள் பார்த்தே இராத ஊரில், இந்த நடுக்கத்தை முதன்முதலில் இதே போல முழங்கையில் வாங்கியிருக்கிறார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. விழமாட்டாய் என்று சொல்ல அவருக்கு ஆளே இல்லை.

இறக்கம் தொடங்கியது.

“விடுங்க” என்றாள்.

காலடிச் சத்தம் அவளோடு கொஞ்ச தூரம் வந்தது. பிறகு வரவில்லை.

சண்முகப்ரியா இரண்டு காலையும் தூக்கினாள். தார் முடிந்து கரையின் மண் பாதை வந்ததும் சக்கரத்தின் கடகடப்பு சட்டென்று அடங்கியது. செயின் சத்தம்கூட இல்லாத அந்த அமைதி அவளுக்குப் புதிதாக இருந்தது. குளத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவந்தது. எதிரே, நூல் மூட்டை கட்டிய மொபெட்டில் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார். அவர் பார்வை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் எதையோ தேடியது. தேடியது கிடைக்காமல் மெல்ல மேலே ஏறி, காற்றில் நிற்கும் அவள் பாதங்களுக்கு வந்தது.