சுயவிமர்சனத் தறி

மதுரைச் செல்லூரில் ஜெயபாண்டி வாங்கிப் போட்டிருக்கும் சீனத் தறி, காலையில் கூட்டம் போட்டு ஆளுக்கொரு குறையைத் தாமாக ஒப்புக்கொண்டால்தான் ஓடும். 2023 ஆவணியில் அது தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி, லாரியில் வந்து, சந்துக்குள் திரும்ப முடியாமல் ஒரு வீட்டுப் படியை இடித்துக்கொண்டு தறிக்கூடத்துக்குள் நுழைந்தது. பதினொரு நாள் அசையவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் இரண்டு தடவை வந்து, கழற்றி மாட்டி, கரண்டு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக்குகள் வேறென்ன சொல்வார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில், தறி ஓட்டும் சோணை சும்மா நிற்க வெட்கப்பட்டோ என்னவோ முதலாளியிடம், "அண்ணே, நேத்து எண்ணெய் விட்டுட்டேன்னு சொன்னேன்ல, விடலைண்ணே" என்றான். தறி தடதடவென்று இரண்டு முழம் நெய்துவிட்டு நின்றது. அடுத்து நூல் சுற்றும் முனீஸ்வரி, சாயம் பிசகிய நூலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சுற்றி வைத்ததைச் சொன்னாள். இன்னும் நாலு முழம் விழுந்தது.

விஷயம் முத்துக்கருப்பனுக்குத்தான் விளங்கியது. அந்தக் கூடத்தில் பாவு நூல்களைத் தறியில் பிணைக்கிறவர் அவர். விசைத்தறித் தொழிலாளர் சங்கச் செயலாளரும்கூட. கட்சி வகுப்பில் காதில் விழுந்த எதையும் மறக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மாவோ காலத்தில் சீனாவில் எந்தக் கூட்டமும் சுயவிமர்சனம் இல்லாமல் முடியாது, அவரவர் தப்பை அவரவரே எழுந்து சொல்ல வேண்டும் என்றார். பின்னால் ஆட்சிக்கு வந்த டெங் கடற்கரை ஊர்களின் கதவைத் திறந்துவிட்டார். அங்கே முளைத்த தொழிற்சாலைகளிலிருந்து உலகமெல்லாம் இயந்திரம் போனது. ஆகவே இந்தத் தறிக்கு வேகம் டெங்கிடமிருந்தும் குணம் மாவோவிடமிருந்தும் வந்திருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. செல்லூர் அதை ஏற்றுக்கொண்டது. நல்லதை மட்டும் சொல்லி முடிக்கிற ஆளில்லை அவர். விளைச்சலைப் பல மடங்கு கூட்டி எழுதி மேலே அனுப்பியதையும், அந்தப் பொய்யை நம்பித் தானியத்தை அள்ளிப் போனதில் கோடிக்கணக்கான ஜனம் பட்டினியில் செத்ததையும், பிற்பாடு ஆட்களைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானக் காகிதத் தொப்பி மாட்டிவிட்டுச் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வைத்ததையும் சொன்னார். அதனால் நம் கூடத்தில் ஒருத்தர் குறையை இன்னொருத்தர் சொல்லக் கூடாது, யாரையும் நெருக்கக் கூடாது என்று விதி வைத்தார். தறிக்கும் அது சம்மதம்தான். ஒரு நாள் சோணை, "முனீஸ்வரிக்கா, அதையும் சொல்லிரு" என்று நச்சரித்தபோது, தறி நெய்த துணி முழுவதையும் பிரித்து நூலாக்கிக் கீழே போட்டது.

அதன்பின் எட்டு மாதம் நல்லபடியாகப் போயிற்று. அரைகுறையாக ஒப்புக்கொண்டால் அரை அகலத்தில் துண்டு விழும், மனதாரச் சொன்னால் முழு அகலம். சின்னக் குறைகளெல்லாம் ஒரே மாதத்தில் தீர்ந்துபோனதால், ஆட்கள் புதிதாகத் தப்புச் செய்வதா பழையதைத் தோண்டுவதா என்று யோசித்து, பழையதையே தோண்டினார்கள். பக்கத்துத் தெரு ஹாலாஸ்யம் வாத்தியார் வேடிக்கை பார்க்க வந்தவர், ஒரு வருஷம் பரீட்சைத் தாளைப் பிரிக்காமலே மார்க் போட்டதைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஆறு துண்டு கூடுதல். கூடத்தில் எல்லோருக்கும் முகம் தெளிந்துவிட்டது. சோணைக்கு நல்ல தூக்கம் வந்தது. முனீஸ்வரி வேலை நேரத்தில் பாட ஆரம்பித்தாள், குரல் சுமார்தான்.

2024 சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் தறி நின்றது. எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள், இரண்டாம் வகுப்பில் பல்பம் திருடியது வரைக்கும். அசையவில்லை. மிச்சம் இருந்தது ஜெயபாண்டி. அவர் தினமும் ஏதாவது சொல்லத்தான் செய்தார்: ஆட்களை வைதது, மட்ட நூல் வாங்கியது என்று. அவர் சொன்னால் தறி நாடா அகலத்துக்குக் கொஞ்சம் நெய்து நிறுத்திக்கொள்ளும். சொல்ல வேண்டியது எதுவென்று அவருக்குத் தெரியும். 2019இல் ஒரே வாரத்தில் இரண்டு கட்சிகளுக்கு மாநாடு. இரண்டு கட்சித் துண்டும் இவர் கூடத்தில்தான் நெய்தார்கள். கரை நூல் மாறிவிட்டது. ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் எதிர்க்கட்சிக் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் எதிர்க்கட்சியைத் திட்டினார். மதுரையே சிரித்தது. கட்சி ஆட்கள் கேட்க வந்தபோது, பயத்தில் ஜெயபாண்டி, கூடத்தில் வேலை பார்த்த தன் தங்கை புருஷன் அழகுபாண்டியைக் கைகாட்டிவிட்டார். அழகுபாண்டி அன்றைக்கே கூடத்தை விட்டுப் போய், காளவாசலில் செல்போன் உறை விற்கும் கடை போட்டான். தங்கை நாகஜோதி அதன் பிறகு அண்ணன் வாசலை மிதிக்கவில்லை.

தறி நின்ற மூன்றாம் நாள் செய்தி வந்தது. நாகஜோதியின் ஐந்து வயது மகள் பாண்டிமீனாவுக்கு வைகாசியில் எழுமலைக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டாம், தகப்பன் மடியே போதும் என்று முடிவாம். மதுரைக்கு மேற்கே அந்தச் சீமையில் தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடியில் காது குத்தினால், அவன் செத்ததற்குச் சமானம். ஜெயபாண்டி அன்று சாப்பிடவில்லை. அந்தக் குழந்தையை அவர் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி.

அடுத்த நாள் காளவாசலுக்குப் போய்க் கடை முன்னால் நின்றார். அழகுபாண்டி தலை நிமிராமல் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "மாப்ள, கூடத்துல ஒரு கூட்டம். நீ வந்து உக்காந்தா போதும்" என்றார். உள்ளேயிருந்து நாகஜோதிதான் வெளியே வந்தாள். "இம்புட்டு வருசம் கழிச்சு எதுக்கு வந்திருக்காருன்னு கேட்டுட்டு வருவோம். கடையை அடைங்க, நானும் வாரேன்" என்றாள்.

கூட்டத்தில் ஜெயபாண்டி எழுந்தார். "கரை நூலை மாத்திக் கட்டச் சொன்னது நான்தேன். ஆர்டர் சீட்டைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சிட்டேன். பயந்துபோயி மாப்ள தலையில போட்டுட்டேன். தப்பு என் தப்பு" என்றார். நாகஜோதி அழுதாள். எல்லோரும் தறியைப் பார்த்தார்கள். அது ஓடவில்லை.

இதற்கு மேல் சொல்ல ஜெயபாண்டியிடம் ஒன்றும் இல்லை. சோணை வாயைத் திறக்கப் போனான், முத்துக்கருப்பன் கையமர்த்தினார். யாரும் யாரையும் நெருக்கக் கூடாது. அழகுபாண்டி பாயிலிருந்து எழுந்தான். "மச்சான், நூல் மாறிக் கிடந்ததை நான் மொத நாளே பாத்தேன். சொல்லலை. எல்லார் முன்னாடியும் என்னைய மடையன்னு வஞ்சீகள்ல, இந்தா படட்டும்னு விட்டுட்டேன். இவகிட்டக்கூட நான் சொன்னதில்லை" என்றான். அவன் உட்காருவதற்குள் தறி கிளம்பிவிட்டது. சாயங்காலம் வரை நிற்கவில்லை, முழு அகலம், நூல் ஒன்றுகூட அறவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் பொய்க் கணக்கில்தான் சேரும், அந்த நாட்டுத் தறிக்கு அது தெரியாமல் இருக்குமா என்றார் முத்துக்கருப்பன். நாகஜோதி புருஷனையும் அண்ணனையும் மாறி மாறி வைதாள். வைது முடித்துவிட்டு எல்லோருக்கும் காபி வாங்கி வரச் சொன்னாள்.

வைகாசியில் எழுமலைக்குச் செல்லூர்க் கூடமே வேன் பிடித்துப் போனது. கிடாய் வெட்டு, மொட்டை, தட்டுத் தட்டாகத் தாய்மாமன் சீர். பாண்டிமீனா நினைவு தெரிந்து பார்த்திராத மாமன் மடியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, எல்லா ஆசாரிகளையும் போல, "வலிக்காதுடா தங்கம்" என்றார். செல்லூர் ஆட்கள் அத்தனை பேரும் பதறிப்போய் ஜெயபாண்டியைப் பார்த்தார்கள். ஜெயபாண்டி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வலிக்கும்த்தா. நெசமா வலிக்கும். மாமன் பிடிச்சிருக்கேன்" என்றார். குழந்தை அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காதைக் காட்டியது. அழவில்லை. மாமன்தான் இரண்டு காதுக்கும் சேர்த்து அழுது தீர்த்தார்.

அதே நேரத்தில் பூட்டிய கூடத்துக்குள் தறி ஓடிய சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மறுநாள் காலையில் திறந்தபோது துண்டுகள் குவிந்து கிடந்தன. முனீஸ்வரி அவற்றை மடித்து அடுக்கினாள், சோணை கூட்டத்துக்குப் பாயை விரித்தான்.