ஆமையின் மூன்றாம் தளம்

ஆர்வில் டிங்லி பல்லாண்டுகள் தொழில்முறை பேஸ்பால் ஆடியவர். எனினும் ஒரே அடியில் மூன்றாம் தளம்வரை ஓடிச் சேர்ந்து அங்கே நின்றது ஒரு முறைகூட இல்லை. வேலிக்கு அப்பால் பந்தை அனுப்பும் வலிமை அவர் தோளில் இருந்தது; அப்படி அடித்தால் எல்லாத் தளங்களையும் நிதானமாகச் சுற்றி வந்து ஓட்டம் எடுக்கலாம். வேலிக்கு உள்ளேயே விழும் பந்தோடு போட்டியிடும் வேகம் அவர் காலில் இல்லை. ஆகவே எங்கள் அணி அவரை ஆமை என்று அழைத்தது. இரண்டாம் தளத்தில் அவர் மூச்சிரைக்க நிற்கும்போதெல்லாம், "ஆமையண்ணே, மூணாவதுக்கு பஸ் வருது, ஏறிக்கிறீங்களா?" என்று எவனாவது கேட்பான். அவரும் சிரிப்பார். ஆயினும், அந்த ஓர் அடி வாய்க்காமல் ஓய்வு பெறுவது அவரை உறுத்தியது என்பதைப் பயணங்களில் அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்த நான் அறிவேன்.

அயோவாவில் அந்த ஆண்டு ஆட்டப்பருவத்தின் கடைசி ஆட்டமே அவருக்கும் கடைசி ஆட்டமாக அமைந்தது. கோப்பைக்கான வாய்ப்பை இரு அணிகளும் முன்னரே இழந்திருந்தன. கடைசிச் சுற்றான ஒன்பதாம் சுற்றின் முற்பாதியில் நான் பந்து வீசினேன். ஓட்டங்கள் சமமாக நின்றன. பிற்பாதியில் எங்கள் அணி ஓர் ஓட்டம் எடுத்தால், வெற்றி பெற்ற வீச்சாளன் என்று என் பெயர் பதிவாகும். தொழில்முறை ஆட்டத்தில் எனக்கு அதுவரை அப்படியொரு வெற்றி கிட்டியதில்லை.

பிற்பாதியில், எங்களில் இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் சுற்று முடியும் என்ற நிலையில், டிங்லி தமக்கு வீசப்பட்ட முதல் பந்தையே அடித்தார். அது இடப்புற வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அவர் முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களை நிதானமாக மிதித்துக்கொண்டு வந்தார். வழக்கப்படி நாங்கள் அனைவரும் வெள்ளைத் தட்டைச் சூழ்ந்து காத்திருந்தோம். அதை மிதித்தால்தான் ஓட்டம் நிறைவுறும். அவர் தலைக்கவசத்தை வீசியெறிந்துவிட்டு எங்கள் நடுவே குதித்தார். நாங்கள் முதுகில் குத்தினோம், தண்ணீரைக் கொட்டினோம். அவர் கால் தட்டுக்கு வெளியே இறங்கியதை அக்களிப்பில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

நான் கவனித்தேன். எதிரணியின் பந்துபிடிப்பாளன் ஸ்லோகமும் கவனித்தான். வெளியேறத் தொடங்கிய தன் அணியினரைத் திரும்பி வருமாறு சைகை செய்துவிட்டு, நடுவரிடம் புதுப் பந்து கேட்டான். எதிரணியில் எவரேனும் முறையிடும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது நடுவருக்கான விதி. அவர் பந்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

"தட்டை மிதிக்கலண்ணே," என்றேன் மெல்ல.

"தெரியும்டா."

முறையீட்டுக்கு முன் திரும்பிச் சென்று மிதித்தால் வெற்றி எங்களுடையது. மிதிக்காவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். ஓட்டமும் கணக்கில் சேராது. ஆனால் முறையாக மிதித்த மூன்று தளங்கள் அவருக்கு உரியவை. அந்த அடி மூன்று தள அடியாகவே பதிவாகும்.

"அப்படியே நில்லுங்க," என்றேன். "பத்தாவது சுத்து ஆடிக்கலாம்."

"உனக்கு ஜெயிக்க வேணாமா?"

"நான் அடுத்த வருஷமும் வீசுவேன். நீங்க ஓட மாட்டீங்களே."

டிங்லி மூன்றாம் தளத்தை நோக்கினார். எதிரணி வீச்சாளன் தன் மேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்; அவன் அங்கே சேர்ந்ததும் அவர்கள் முறையிடலாம். ஸ்லோகம் முகமூடியைத் தூக்கிவிட்டு, "ஒரு எட்டுதாம்பா இருக்கு, டிங்லி. உன் வேகத்துக்கு இப்பவே கெளம்பினாதான் உண்டு," என்றான்.

டிங்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணாவதுல நான் நிக்கவே இல்லையேடா. தாண்டித்தானே வந்தேன்," என்று என்னிடம் கூறிவிட்டு, நடந்து சென்று இரு கால்களாலும் தட்டின் மீது ஏறி நின்றார். ஸ்லோகம் பந்தை நடுவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

இவ்வாறு என் முதல் வெற்றி பதிவாயிற்று.

உடை மாற்றிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, பருவம் முடிந்துவிட்டதால் திடல் பணியாளர்கள் தளங்களாகப் பதித்திருந்த மெத்தைகளைப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் அடுக்கியிருந்தனர். டிங்லி அவர்களிடம் மூன்றாம் தளம் எது என்று கேட்டார். தெரியாது, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றார்கள். அவர் மேலே கிடந்த ஒன்றை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் அமர்ந்து, காலணிகளின் கயிற்றை அவிழ்த்தார்.