முகம் எழுதாத தலைவன்

எங்க வீட்டுல சாப்பாட்டு மேஜைன்னு ஒண்ணு பேருக்குத்தான் உண்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா அது போர்க்களம். நாங்க தட்டை மடியில வெச்சுக்கிட்டுத் தரையில உட்காரணும், மேல வைக்கிங் பொம்மைப் படை ஜம்முனு நிக்கும். கல்யாணமான புதுசுல இந்தக் கூத்தைத் தாங்காம ஒரு தடவை பெட்டியைக் கட்டிட்டேன்னா பார்த்துக்கோங்க.

ஒரு பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வடக்குக் கடல்லருந்து படகுல வந்து கொள்ளையடிச்ச கூட்டம். இன்னொரு பக்கம் கரையில நின்னு ஊரைக் காக்கிற கூட்டம். ஒவ்வொரு ஆளும் கட்டைவிரலோட முதல் கணு உயரம்தான் இருப்பான். நான் வேலை பார்க்கிற ஓட்டல் சலவைப் பிரிவுல கழிச்சுக் கட்டின வெள்ளைப் போர்வைதான் பனி. குளிக்கிற ஸ்பாஞ்சு குன்று. என் தையல் பெட்டியிலருந்து காணாமப் போன நீல ரிப்பன் ஆறு. தூரம் அளக்கறதும் என் டேப்புலதான், கேட்டா திருப்பித் தர்றோம்னு சொல்லுவாங்க, தந்ததே கிடையாது.

இந்தக் கூட்டுக் களவாணிங்க ரெண்டு பேர். ஒருத்தர் என் வீட்டுக்காரர். இன்னொருத்தன் என் கூடப்பிறந்த தம்பி, பஸ் ஓட்டறான். எனக்குக் கல்யாணம் ஆனதுலருந்து அவனுக்கு அக்கா ரெண்டாம்பட்சம், மாமாதான் எல்லாம். கொள்ளைக்காரப் படை அவனோடது, ஊரைக் காக்கிற படை மாமாவோடது.

இவருக்குப் பல்செட் செய்யற கூடத்துல வேலை. செய்யற பல்லுக்குப் பக்கத்துப் பல்லைப் பார்த்து அதே நிறம் ஏத்தணும். அந்தக் கண்ணையும் கையையும் வெச்சுத்தான் ரெண்டு படைக்கும் சாயம் பூசினார். கடுகத்தனை முகத்துல புருவம் எழுதுவார், மூச்சை அடக்கிக்கிட்டு. அந்த நேரத்துல நான் பாத்திரம் உருட்டினா முறைப்பார்.

சாயம் பூசாத ஆளு களத்துல கால் வைக்கக் கூடாது, அது இவர் போட்ட சட்டம். பகடை மேஜையை விட்டுத் தரையில விழுந்தா செல்லாது. ஆத்தைக் கடக்கிறவன் பாதி தூரம்தான் நகரணும். இதுக்கெல்லாம் மேல ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்ற ஒரு பேச்சு உண்டு. புதுசா சாயம் பூசி இறக்கினவன்தான் அன்னைக்கு முதல்ல சாவான். என்ன மாயமோ, அப்படியேதான் நடக்கும். வாரம் பூரா கண்ணைக் கெடுத்துக்கிட்டு எழுதின ஆளு முதல் சுத்துலயே கவுந்துடுவான். இவர் ஒரு விரலால அவனைச் சாய்ச்சு, "செத்தான்!"னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துவார். தம்பி ஆளு விழுந்தாலும் அதே கத்தல்தான்.

"வாயைத் திறந்தாலே சாவுப் பேச்சுதானா? வேற வார்த்தையே கிடைக்கலையா உங்களுக்கு?"ன்னு நான் சண்டை போடுவேன். வேற வார்த்தை கிடைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு நாள், பல்செட் கூடத்துலயே இவர் சரிஞ்சு விழுந்துட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், வாய், மூணையும் ஒண்ணா வாரிக்கிட்டுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிட்டு வந்தப்போ இவர் வாயில மிஞ்சினது ஒரே ஒரு வார்த்தை. "இல்ல." காப்பி வேணுமா? இல்ல. வலிக்குதா? இல்ல. வேணும்னாலும் இல்ல, வேண்டாம்னாலும் இல்ல. மண்டைக்குள்ள எல்லாம் இருக்கு, வெளிய வர வழி அது ஒண்ணுதான் திறந்திருக்குன்னு டாக்டர் சொன்னார்.

போகப் போக அந்த "இல்ல"வும் குறைஞ்சுது. சக்கர நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டுவார். திருப்பி வெச்சா, சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். பயிற்சி கொடுக்க வர்ற பொண்ணு ரப்பர் பந்தைக் கையில வெச்சா நழுவ விட்டுடுவார். அந்தப் பொண்ணு ஒரு நாள் என்னை வாசல் பக்கம் கூப்பிட்டுச் சொன்னா, "அக்கா, அவருக்கா எதையாவது செய்யணும்னு தோணணும். தோணலைன்னா நான் எவ்வளவு நீட்டி மடக்கினாலும் பிரயோஜனம் இல்லை."

அன்னைக்கு சலவைக்கூடத்துல போர்வை மடிக்கும்போது நல்லா அழுதுட்டேன். வலது கை வராட்டி போகட்டும், நான் சோறு பிசைஞ்சு ஊட்டறேன். எனக்கு என் மனுஷன் வேணும். தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துவாரே, அந்த மனுஷன் வேணும். போன்ல தம்பியைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து விளையாடுடா"ன்னேன்.

அவன் அதுவரைக்கும் வாரா வாரம் வருவான், பழம் வாங்கிட்டு வருவான், மாமா முகத்தைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துப் பேசிட்டு ஓடிடுவான். அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டறவன், இவர் கோணின வாயைப் பார்க்கப் பயந்தான்.

ஞாயித்துக்கிழமை இவரை மேஜைப் பக்கம் திருப்பி வெச்சுட்டு, நானே போர்வையை விரிச்சேன். ஸ்பாஞ்சு, ரிப்பன், எல்லாம் வெச்சேன். தம்பி ரெண்டு படையையும் நிறுத்தினான். பெட்டி அடியில ஒரு புது ஆளு கிடந்தான். இவர் விழறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எழுதிட்டு இருந்த தலைவன். கேடயம் சிவப்பும் கறுப்புமா முடிஞ்சிருக்கு, கோடரி முடிஞ்சிருக்கு, முகம் மட்டும் வெறுமனே இருக்கு. தம்பி அவனை எடுத்து மாமா படையோட முன்வரிசையில வெச்சான்.

"இல்ல"ன்னார் இவர். இடது கையால அந்தத் தலைவனை எடுத்து ஓரமா வெச்சுட்டார்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு துள்ளல். சட்டம் ஞாபகம் இருக்கே!

ஆட்டம் ஆரம்பிச்சுது. இவர் இடது கையால போட்ட பகடை பாதி தரையில போய் விழுந்துச்சு. "பரவாயில்ல மாமா, செல்லும்"னான் தம்பி. இவர் தலையை ஆட்டி மறுத்துட்டார். தம்பி முறை வந்துச்சு. போட்டான், நான் பார்க்கறதுக்குள்ள கையால வாரிட்டான். "ச்சே, எல்லாம் ஒண்ணும் ரெண்டும்தான் மாமா." அடுத்த சுத்தும் அதே கதை. தன் படைத் தலைவனை, கேடயத்தை ஒட்டி ஒட்டிப் பிடிச்சு நிக்கிற வேலிக்கு வெளிய தனியா நிறுத்தி, வந்து வெட்டுங்கன்னு கழுத்தைக் காட்டாத குறை.

என் தம்பிக்கு ஒரு வியாதி உண்டு. பொய் சொன்னா மூக்கு நுனியில வேர்க்கும். சின்ன வயசுலருந்து அதை வெச்சுத்தான் அவனைப் பிடிப்பேன். அன்னைக்கு மூக்கு மினுமினுக்குது. நான் பார்த்தேன், பார்த்துட்டு வாயை மூடிட்டு இருந்தேன். இவர் ஜெயிச்சா சிரிப்பாரேங்கிற நப்பாசை.

அடுத்த தடவை அவன் பகடையை வாரப் போனான். இவர் இடது கை வந்து அவன் மணிக்கட்டை லபக்குனு பிடிச்சுது. அந்தக் கையைத் தூக்கி, அடியில இருந்ததைப் பார்த்தார். ஆறும் அஞ்சுமா கிடந்துச்சு, எல்லாம் ஜெயிக்கிற எண்ணு.

"இல்ல!"

அப்படி ஒரு "இல்ல"வை நான் கேட்டதே கிடையாது. மேஜையில இருந்த ரெண்டு படையும் ஒரே வீச்சுல தரையில கொட்டிச்சு. நாற்காலியைத் தானே உந்தித் திருப்பிக்கிட்டு, சுவரைப் பார்த்துட்டார்.

சமையலறையில என் தம்பி சின்னப் பையன் மாதிரி விசும்பினான். "எனக்கு மனசு வரலக்கா. இப்படி உட்கார்ந்திருக்கிறவரை நான் எப்படி அடிக்கறது?"

"அவருக்குக் கைதான்டா போச்சு, கண்ணு போகல. உன் மூக்கு வேர்க்கறது எனக்கே தெரியுது, இத்தனை வருஷம் உன் எதிர்ல உட்கார்ந்தவருக்குத் தெரியாதா? பாவம்னு நினைச்சுத்தானே விட்டுக் கொடுத்த? இந்தத் தெருவே அவரைப் பாவம்னு பார்க்குது. நீயுமா?" பொரிஞ்சு தள்ளிட்டேன். பாதித் திட்டு எனக்கு நானே திட்டிக்கிட்டது. கீழ விழுந்த படையை நான்தான் பொறுக்கினேன், ஒருத்தனுக்கு ஈட்டி வளைஞ்சு போயிருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் வருவான்னு நான் நினைக்கல. வந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம மேஜையில எல்லாத்தையும் அடுக்கினான். இவர் முதுகைப் பார்த்துச் சத்தமா சொன்னான்.

"மாமா, என் கோடரிக்காரனுங்க கிளம்பிட்டானுங்க. தடுக்கறதுன்னா வந்து தடுங்க. இல்லாட்டி சுவரைப் பார்த்துட்டே இருங்க, நான் பாட்டுக்கு அடிச்சுட்டுப் போறேன்."

பகடையைப் போட்டான். "ஆறு, ஆறு, அஞ்சு. உங்காளு மூணு பேர் அவுட்." எடுத்து வெளிய வெச்சான். மறுபடியும் போட்டான். "இன்னும் ரெண்டு பேர்."

"மனுஷனாடா நீ?"ன்னு கரண்டியோட வந்தேன். அவன் என்னைத் திரும்பியே பார்க்கல. கண்ணுல தண்ணி, ஆனா மூக்கு காஞ்சு கிடந்துச்சு. அதனால நின்னுட்டேன்.

"இப்ப ஆத்தைத் தாண்டி வரேன் மாமா." டேப்பை வெச்சு அளந்து, அவன் கூட்டத்தை நீல ரிப்பனுக்கு அந்தப் பக்கம் முழு தூரத்துக்கு நகர்த்தினான். "வந்தாச்சு. அடுத்த சுத்துல உங்க வேலி காலி."

நாற்காலி கிரீச்சுனு சத்தம் போட்டுச்சு. இவர் லேசாத் திரும்பி, ஓரக்கண்ணால மேஜையைப் பார்த்துட்டு இருந்தார். எப்பத்திலருந்து பார்த்தார்னு தெரியல.

"இல்ல"ன்னார்.

"என்ன இல்ல? அளந்துதானே வெச்சேன்?"

"இல்ல. இல்ல!" இடது கை நீல ரிப்பனைத் தட்டுது. உந்தி உந்தி மேஜைக்கே வந்து, தம்பியோட ஆளுங்களை ஒவ்வொருத்தனா பிடிச்சு ஆத்தங்கரைக்குப் பின்னால இழுத்து விட்டார். பாதி தூரம். தம்பி தலையில அடிச்சுக்கிட்டான். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது அந்த ஆத்துச் சட்டம் அவனுக்கு ஞாபகம் இருந்திருந்தாத்தானே! இவரும் அதுக்காக அவனை ஏசாத வாரம் கிடையாது.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் போகவே இல்லை. ஒரு தட்டை எடுத்துட்டு வந்து, "பகடையை இதுல போடுங்க, தரையில விழாது"ன்னேன். என்னை முறைச்சுப் பார்த்தார். அப்புறம் போட்டார். ஆட்டத்துல படு தோல்வி, ஒரு ஆளு மிஞ்சல. தோத்து முடிஞ்சதும் பெட்டியைக் காட்டினார். முகம் எழுதாத அந்தத் தலைவனையும், மேல் தட்டுல இருந்த பிரஷ்ஷையும் கேட்டார்.

"நிஜமாவே ஆத்தை மறந்துட்டியாடா?"ன்னு வாசல்ல தம்பியைக் கேட்டேன். "நிஜமாத்தான்க்கா"ன்னான். நான் மூக்கைத்தான் பார்த்தேன். வேர்க்கல.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல தினமும் ஒரு போராட்டம். இடது கையில பிரஷ், வலது கை செத்த மீனாட்டம் மேஜை மேல. அந்த வலது கையால தலைவனைப் பிடிச்சுக்கணும்னு பயிற்சிப் பொண்ணு சாமர்த்தியமா சொல்லிக் கொடுத்தா. பந்தைப் பிடிக்காதவர் இதுக்கு மட்டும் பல்லைக் கடிச்சுட்டுப் பழகினார். நழுவும், எடுப்பார். தலைவன் மூக்குல கறுப்பு அப்பிக்கும், துடைப்பார், மறுபடி எழுதுவார். எரிச்சல்ல பிரஷ்ஷை வீசுவார், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டுட்டுப் பொறுக்கிக் கொடுப்பேன். கடைசியில முகம் வந்துச்சு. ஒரு கண்ணு நெத்தியில, ஒரு கண்ணு கன்னத்துல. புருவம் காதுவரைக்கும் ஓடுது. உண்மையைச் சொல்லணும்னா, சகிக்கல. நான் அதை உள்ளங்கையில வெச்சுப் பார்த்துட்டே இருந்தேன். எனக்கு இவர் எழுதினதுலயே இந்த மூஞ்சிதான் பிடிச்சுது.

ஞாயித்துக்கிழமை இவர் தலைவனை முன்வரிசை நடுவுல நிறுத்தினார். தம்பி குனிஞ்சு பார்த்தான். "மாமா, இவன் மூஞ்சியைப் பார்த்தே என் ஆளுங்க பாதிப் பேர் படகுக்கு ஓடிடுவானுங்க"ன்னான். இவர் உதட்டோரம் லேசா அசைஞ்சுது.

முதல் சுத்து. தம்பியோட வில்லாளி முறை. தலைவன் மேல பட ஆறு விழணும். போட்டான். பகடை உருண்டு போய் நின்னுச்சு.

ஆறு.

தம்பி கை அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சு. பகடை அவன் பக்கத்துல இருக்கு, போர்வை மடிப்புல. இவருக்குத் தெரியாது. வாரிடலாம். அவன் என்னைப் பார்த்தான். அவன் மூக்கு நுனியில ஒரு சொட்டு அப்பத்தான் எட்டிப் பார்க்குது. அத்தனை நாள் உழைப்பு, இறக்கி ஒரு நிமிஷம் ஆகல. மறுபடி சுவரைப் பார்த்துட்டார்னா நான் என்ன பண்ணுவேன்?

"என்னை ஏன்டா பார்க்கற?"ன்னேன். "விழுந்ததைச் சொல்லு."

"ஆறு மாமா"ன்னான் தம்பி.

தலைவன் தப்பிக்க இவருக்கு ஒரு பகடை பாக்கி, பெரிய எண்ணா விழணும். இடது கையால எடுத்தார், தட்டுல போட்டார். ஒண்ணு.

நான் இவர் முகத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். இவர் தலைவனைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அந்தப் பழைய பேச்சு, புதுசா பூசினவன் முதல்ல சாவான்ங்கிறது, மெதுவா எங்கிருந்தோ ஏறி வந்து இவர் கண்ணுல நிக்கறதை நான் பார்த்தேன். வயிறு குலுங்க ஆரம்பிச்சுது. கோணின வாயிலருந்து சிரிப்பு கொப்புளிச்சுக்கிட்டு வந்துச்சு. ஒரு விரலை நீட்டி, அந்தக் கோணமூஞ்சிக்காரனைத் தொப்புனு சாய்ச்சார்.

"செ... செத்... செத்தான்!"

தெருவுக்குக் கேட்டுச்சோ என்னமோ. சமையலறைவரைக்கும் நல்லாக் கேட்டுச்சு, ஏன்னா நான் அங்கதான் ஓடிப்போய் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நின்னேன். மேஜைக்கிட்ட என் தம்பி, "ஆமா மாமா, செத்தான், செத்தான்!"னு சொல்லிச் சொல்லி அழறான்.

முகத்தைக் கழுவிட்டு வந்து நின்னேன். "வாயைத் திறந்தாலே சாவுப் பேச்சுதானா? வேற வார்த்தையே கிடைக்கலையா உங்களுக்கு?"

இவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சார்.

"இல்ல"ன்னார்.